கடையின் பெயருக்குக் கீழே வரும் வரி

தூங்கட்டும், தூங்குகிற பிள்ளையை எழுப்பக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாருமதி லேப்டாப்பின் பக்கம் திரும்பினாள், திரும்பிய வேகத்திலேயே மறுபடி தொட்டிலைப் பார்த்தாள். கொக்கியிலிருந்து தொங்கிய நீலச் சேலை அசையவில்லை. அசையாததில் ஒன்றுமில்லை, மின்விசிறியைக் குறைத்து வைத்தது அவள்தான், காற்று பலமாக அடித்தால் ஆதிரைக்குச் சளி பிடித்துவிடும் என்று குறைத்து, புழுக்கத்தில் வேர்க்குரு வந்துவிடுமோ என்று கொஞ்சம் கூட்டி, பிறகு மறுபடி குறைத்து. பிள்ளை பிறந்து இந்த ஐந்து மாதத்தில் அவள் பயப்படாத பொருள் என்று பாளையங்கோட்டையின் அந்த மாடி வீட்டில் எதுவும் மிச்சமில்லை. கொக்கி கழன்றுவிடும், தலையணை முகத்தில் விழுந்துவிடும், பக்கத்து மாடிப் பூனை ஜன்னல் வழியாக வந்து நெஞ்சில் படுத்துக்கொள்ளும். ராத்திரியில் எழுந்து எழுந்து ஆதிரையின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்ப்பாள், மூச்சு பட்டாலும் அது மின்விசிறிக் காற்றோ என்று சந்தேகம் வந்து கன்னத்தைத் தட்டுவாள், பிள்ளை வீறிடும், கணவன் இசக்கிராஜா எழுந்து உட்கார்ந்து கண்ணைக்கூடத் திறக்காமல், "உயிரோட இருக்கியா, உயிரோட இருக்கியான்னு கேட்டே நீ அவ உயிர எடுத்துருவ சாரு" என்பான். அம்மாவும் கோவில்பட்டியிலிருந்து போனில் அதையேதான் சொன்னாள், ஊரில் யாரும் பெறாத பிள்ளையையா நீ பெற்றுவிட்டாய் என்று. போன வாரம் இசக்கிராஜா கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டான், தூங்குகிறவளை இனி எழுப்புவதில்லை என்று. ஆகவே இன்று அவள் எழுப்பவில்லை. இன்று அவள் மற்ற அம்மாக்களைப் போல மேஜை முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள், பிள்ளை தூங்குகிறது, மதியத்து வெயில் சிமெண்டுத் தரையில் கட்டமாக விழுந்து மெதுவாகச் சுவரை நோக்கி நகர்கிறது, எல்லாம் சரியாக இருக்கிறது. சரியாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்கு மறந்துபோயிருந்ததால் இதுதான் அதுவா என்று நிச்சயமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வேலை குற்றாலிங்கம் அண்ணாச்சியுடையது. டவுணில் அவருக்கு நாட்டு மருந்துக் கடை, அவர் அப்பா காலத்துக் கடை, அதற்கு ஒரு இணையதளம் போட்டுக் கொடுத்தவள் சாருமதி. வெளியூர்க்காரர்கள் அதில் பார்த்து ஆர்டர் போடுவார்கள், கடையில் கட்டி கூரியரில் அனுப்புவார்கள். அதிகம் போவது பிள்ளைகளுக்கான உரை மருந்துப் பொடி. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய் என்று ஒவ்வொன்றாகக் கல்லில் உரசிக் கொடுக்க இப்போது யாருக்குப் பொறுமை இருக்கிறது, அண்ணாச்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பொடித்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டார். காலையில் அவர் போன் செய்தபோது ஆதிரை அழுதுகொண்டிருந்தாள், இடுப்பில் அவளை ஆட்டிக்கொண்டேதான் சாருமதி பேசினாள். வியாபாரிகள் சங்கத்து வாட்ஸப் குழுவில் எவனோ ஒரு ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டிருக்கிறானாம், நெட்டில் தேடினால் அண்ணாச்சி கடைப் பெயருக்குக் கீழே இப்படி வருகிறது என்று, சிரிக்கிற பொம்மைகள் நாலைந்து வேறு. யாரோ ஒருத்தி என்னத்தையோ எழுதி வைத்திருக்கிறாளாம். அங்கே கடையைப் பற்றி அழகாக ரெண்டு வரி வரும் என்று நீதானே சொன்னாய், வாசித்தும் காட்டினாயே, அது எங்கே போயிற்று என்று கேட்டார். அவள் விளக்கினாள். நாம் ஒரு வரி எழுதிக் கொடுப்போம், காட்டுவதும் காட்டாததும் அவர்கள் இஷ்டம், தேடுகிறவர் கேட்டதற்குப் பொருத்தமாகப் பக்கத்துக்குள்ளே வேறு வரி கிடைத்தால் அதை எடுத்துக் காட்டிவிடுவார்கள் என்று. அண்ணாச்சிக்கு அது பிடிபடவே இல்லை. "நம்ம கடை போர்டும்மா அது. போர்டு எழுதுதவன் நான் சொன்னதத்தான எழுதணும், ரோட்டுல போறவ சொன்னத எழுதுவானா?" என்றார். பிறகு, அவரால் முடிந்த அளவு தணிந்த குரலில், இன்றைக்கே அதை ஒன்றுமில்லாமல் பண்ணிவிடு தாயி, சங்கத்தில் முகத்தைக் காட்ட முடியவில்லை என்றார். பிள்ளை ஏன் இப்படி அழுகிறாள் என்றும் கேட்டார். இறக்கிவிட்டால் அழுகிறாள் அண்ணாச்சி, வேலை பார்க்கவே விடமாட்டேன் என்கிறாள் என்று இவள் சொன்னதும் சிரித்தார். நம்ம பொடி உன்னிடம் இருக்கிறதே, பிள்ளை பெற்றபோது கொடுத்தேனே, பாலில் குழைத்து நாக்கில் தடவு, வயிறு லேசானால் தூங்கிவிடுவாள் என்றார்.

தூங்கிவிட்டாள். தூங்கிய பிறகுதான் சாருமதி அந்த ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து பார்த்தாள். கடையின் பெயர், அதன் கீழே, அவள் எழுதிய வரி இருக்க வேண்டிய இடத்தில், சங்கரேஸ்வரி என்கிற யாரோ பொடியின் பக்கத்துக்கு அடியில் கேட்டிருந்த கேள்வி. "நேத்து சாயங்காலம் குடுத்தேன், பாப்பா இன்னும் சரியா முழிக்கல, பால் குடிக்க எழுப்பினாலும் திரும்பத் தூங்குறா, இப்படி இருக்குமா, யாராவது சொல்லுங்க". படித்ததும் அவள் செய்த முதல் காரியம் எழுத்துகளை எண்ணியது. வரி சரியாக அந்த இடத்துக்குள் அடங்குகிறது என்று பார்த்துக்கொண்டாள், இவ்வளவு கச்சிதமாக இருந்தால் எடுக்காமல் என்ன செய்வார்கள் என்று தோன்றியது. சுருக்கி எழுதுவதில் கான்வென்டில் அவள்தான் எப்போதும் முதல். ஒரு பக்கத்தை மூன்றில் ஒரு பங்காக்க வேண்டும், எழுதியவர் சொல்லாததைச் சேர்க்கக் கூடாது, சொன்னதில் முக்கியமானதை விடக் கூடாது என்று சிஸ்டர் ஃபிலோமினா கரும்பலகையில் எழுதிப் போடுவார். அந்தப் பழக்கத்தில்தான் அண்ணாச்சி கடைக்கும் எழுதினாள், பாரம்பரிய முறையில் தயாரித்த உரை மருந்து, ஒரு சிட்டிகை போதும், குழந்தைக்கு நிம்மதியான தூக்கம் என்று. நன்றாகத்தான் இருந்தது. கேள்வியை அழித்துவிடு என்றுதான் அண்ணாச்சி சொன்னார், அழிப்பது இவளுக்கு ஒப்பவில்லை, ஒரு ஆள் கேட்டதைக் கேட்கவே இல்லை என்று ஆக்குவது பொய் அல்லவா. ஆகவே அழிக்காமல், அந்தப் பகுதியைச் சுற்றி உள்ளே ஒரு குறிப்பு மட்டும் வைத்தாள், இதை எடுத்து வெளியே காட்டாதே என்று தேடலுக்குச் சொல்கிற குறிப்பு. கேள்வி பக்கத்தில் இருக்கும், தேடினால் முகப்பில் வராது. பக்கத்தைத் திரும்பப் படித்துக்கொள்ளும்படி ஒரு வேண்டுகோளும் அனுப்பினாள். அவர்கள் வந்து படித்துவிட்டால் பழைய வரி போய்விடும், இன்றோ நாளையோ நாலு நாள் கழித்தோ. பொய் சொல்லவில்லை, காட்டவில்லை, அவ்வளவுதானே. செய்ததும் பாவம், செய்யாமல் விட்டதும் பாவம் என்று நீதிபோதனை வகுப்பில் சொல்வார்கள், இந்துப் பிள்ளைகளுக்கு அந்த வகுப்பு, கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போய்விடும், ஆனால் பாவம் என்னவோ இரண்டு வகுப்பிலும் ஒன்றுதான். கேள்விக்கு யாரும் பதில் போடவில்லை என்பதை அவள் அப்புறம்தான் கவனித்தாள். கேட்டுப் பல நாள் ஆகியிருந்தது. பதில் சொல்வது அண்ணாச்சி வேலை என்று அவள் நினைத்திருந்தாள். அண்ணாச்சி அப்படி ஒரு இடம் இருக்கிறது என்பதையே நினைத்திருக்க மாட்டார்.

ரவிக்கை நனைந்திருந்தது. எப்போது நனைந்தது என்று தெரியவில்லை, இடது பக்கம் முழுக்க ஈரம், வலது பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. பால் நேரம் தாண்டிவிட்டது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை, உடம்பு சொல்கிறது. தாண்டட்டும், பசித்தால் அழுவாள், எந்தப் பிள்ளையும் பசியோடு தூங்காது. வெயில் கட்டம் சுவரைத் தொட்டு ஏறத் தொடங்கியிருந்தது. வயிறு லேசாகி நன்றாகத் தூங்குகிறாள், அதற்குத்தானே கொடுத்தது. எவ்வளவு கொடுத்தோம். ஒரு சிட்டிகை. சிட்டிகை என்றால் எவ்வளவு. அதுதான் சிக்கல், மனையியல் வகுப்பில் சிட்டிகை என்ற சொல்லையே சிஸ்டர் ஃபிலோமினா அனுமதிக்க மாட்டார், மேரியின் விரல் தடி, மீனாவின் விரல் ஒல்லி, விரலை நம்பிச் சமைக்கிறவள் வீட்டில் ஒருநாள் உப்பு, ஒருநாள் சப்பு என்பார், கரண்டியில் எடு, கத்தியால் மட்டம் தட்டு, சிட்டிகை என்று எழுதியிருந்தால் கால் ஸ்பூன் என்று வைத்துக்கொள் என்று சொல்லிக் கொடுத்தார். இருபது பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கேக்குக்கும் புட்டிங்குக்கும் சொன்னது. சாருமதி இன்றைக்கும் ரசத்துக்குப் பெருங்காயத்தைக்கூட ஸ்பூனில்தான் போடுவாள், இசக்கிராஜா அதைச் சொல்லிக் கேலி செய்வான். காலையில், எப்போதோ காய்ச்சல் மருந்தோடு வந்த சின்ன ஸ்பூனை வெந்நீரில் கழுவி, கால் ஸ்பூன் பொடியை எடுத்து, விரலால் அல்ல, சுத்தமான கத்தியின் முதுகால் மட்டம் தட்டி, பாலில் குழைத்து, ஆதிரை முகத்தைச் சுளித்துத் துப்பியதை மறுபடி வழித்து நாக்கில் வைத்து, எவ்வளவு ஒழுங்காகச் செய்தாள். அம்மா என்றால் கல்லில் சாதிக்காயை ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு எடுத்துவிடுவாள். ஒரு இழுப்பில் என்ன வரும், கல்லில் ஒரு நிறம் வரும், அவ்வளவுதான். அந்த நிறம்தான் சிட்டிகையா. கால் ஸ்பூனில் அப்படி எத்தனை நிறம் இருக்கும். இதை நினைக்க வேண்டாம் என்று நினைத்தாள். இது அதே பயம்தான், கொக்கிப் பயம், பூனைப் பயம், ராத்திரியெல்லாம் காரணமில்லாமல் குரைக்கிற நாய் பகலிலும் குரைக்கிறது. இசக்கிராஜாவிடம் கேட்கலாம், ஷிப்டில் இருக்கிறான், போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கேட்டாலும் என்ன சொல்வான், சத்தியம் என்ன ஆயிற்று என்பான். அம்மாவைக் கூப்பிட்டால் முதலில் ஐயோ என்பாள், அந்த ஐயோவைத் தாங்க முடியாது. அண்ணாச்சியைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன கேட்பது, அண்ணாச்சி, பாப்பா இன்னும் முழிக்கவில்லை, இப்படி இருக்குமா என்றா. அந்த வார்த்தைகள் தன்னுடையவை அல்ல என்பது நினைத்து முடித்த பிறகுதான் உறைத்தது.

எழுந்தாள். எழுப்பப் போவதில்லை, பார்க்கத்தான். சேலையை விலக்கிப் பார்த்தால் ஆதிரை வைத்த மாதிரியே கிடந்தாள், இடது கை மேலே, வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் வேர்வை. புறங்கையை மூக்குக்குக் கீழே வைத்தாள். இருக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி வைத்தாள். இருக்கிறது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீளமாக இருக்கிறது, அல்லது தான் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதால் நீளமாகத் தோன்றுகிறது. பாப்பா என்றாள். ஆதி, ஆதிம்மா. மற்ற நாளில் கொலுசுச் சத்தத்துக்குத் துள்ளி விழுகிற பிள்ளை. உள்ளங்கையில் சுண்டுவிரலை வைத்தாள், பிடித்துக்கொள்வாள், எப்போதும் தூக்கத்திலேயே பிடித்துக்கொள்வாள், விரல்கள் மூடவில்லை. சத்தியத்தை மீறிக் கன்னத்தைத் தட்டினாள். கண்ணிமை கொஞ்சம் விலகி உள்ளே வெள்ளை தெரிந்து மூடிக்கொண்டது. கான்வென்டில் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டுச் சொன்ன ஜெபம் வாய்க்கு வந்து பாதியில் மறந்தது, முருகா என்று முடித்தாள். மேஜைக்கு ஓடியபோது அவளுக்குத் தேவைப்பட்டது மருத்துவம் அல்ல, ஒன்றுமில்லை என்று யாராவது சொல்ல வேண்டும், அதுதான். அவள் தேடல் பெட்டியில் தட்டினாள், உரை மருந்து குழந்தை முழிக்கவில்லை. எழுத்துப் பிழையைத் திருத்தக்கூட நிற்கவில்லை. முதலில் வந்தது அண்ணாச்சி கடைதான். அதன் கீழே அந்த வரி. இன்னும் போகவில்லை. வேண்டுகோளை அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. எழுப்பினாலும் திரும்பத் தூங்குறா. காலையில் எழுத்துகளாக எண்ணியதை இப்போதுதான் முதன்முதலாகப் படித்தாள், படித்தபோது சாத்தூரிலோ சங்கரன்கோவிலிலோ எங்கோ ஒரு தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது, அவளுக்கு யாரும் சொல்லவில்லை, ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை, ஓடு என்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இது கொக்கி அல்ல, பூனை அல்ல. இது இன்னொருத்திக்கும் நடந்திருக்கிறது. நான் செய்த வேலை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் பலித்திருந்தால் இந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று நினைத்தாள், நிம்மதியான தூக்கம், என் கையால் எழுதியது, அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்திருப்பேன். அதற்கு மேல் எதையும் முழுதாக நினைக்கவில்லை. பிள்ளையைத் தொட்டிலிலிருந்து வாரித் தோளில் போட்டாள், தலை கழுத்தில் வந்து கனமாக விழுந்தது, பொடிப் பாக்கெட்டையும் போனையும் எடுத்துக்கொண்டாள், கதவைப் பூட்டினாளா என்று நினைவில்லை, படி செருப்பில்லாத காலில் சுட்டது. மார்க்கெட் பக்கம் திரும்புகிற முனையில் நின்ற ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரி என்று மட்டும் சொன்னாள், எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்கவில்லை, வழியெல்லாம் பள்ளத்தைக்கூடப் பார்க்காமல் ஓட்டினார். சாருமதி பிள்ளையின் பாதத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தாள், தூங்காதே, தூங்காதே என்று, ஐந்து மாதமாகத் தூங்கு தூங்கு என்று பாடிய அதே குரலில்.

பிள்ளைகள் டாக்டர் வயதில் சாருமதியைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள், அவசரப்படாமல் அவசரமாக வேலை செய்கிற கை. கண்ணில் டார்ச் அடித்தாள், மார்பில் குழலை வைத்தாள், குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள், அந்தக் குத்துக்குத்தான் ஆதிரை முகம் கோணி, சத்தமில்லாமல் கொஞ்ச நேரம் வாயைத் திறந்தே வைத்திருந்து, பிறகு அழுதாள். அவ்வளவு மோசமான, இழுத்து இழுத்து வந்த அழுகையை சாருமதி கேட்டதே இல்லை, அழட்டும் என்று நின்றாள். டாக்டர் பாக்கெட்டை முகர்ந்து பார்த்துவிட்டு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டாள். கால் ஸ்பூன், மட்டம் தட்டி. சாதிக்காய் கூடிப்போனால் சின்னப் பிள்ளைகள் இப்படித்தான் மயங்கும், நேரத்தோடு வந்தீர்கள், ராத்திரி வரை இங்கேயே வைத்துப் பார்ப்போம், இந்த வயசுக்குத் தாய்ப்பால் தவிர ஒன்றும் வேண்டாம் என்றாள். திட்டவில்லை. எழுதிக்கொண்டே, நெட்ல பாத்துக் குடுத்தீங்களா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் சாருமதி. நெட்டில் எழுதியதே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. கட்டிலில் சாய்ந்து பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டபோது முதலில் உதடு மட்டும் பட்டது, நழுவியது, நர்ஸ் வந்து பாதத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள், அப்புறம் ஒரு இழுப்பு, நிறுத்தி, இன்னொரு இழுப்பு. கட்டிக்கொண்டிருந்த பால் இறங்குகிற வலியில் அவளுக்குக் கண்ணீர் வந்தது. வலியால்தான் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது போன் அடித்தது, அண்ணாச்சி.

எடுத்தாச்சா தாயி என்று கேட்டார். பின்னால் கடையின் பொடி மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வராதபடி பண்ணிவிட்டேன், ஆனால் திரும்பவும் வரும்படி வைக்கப் போகிறேன் என்று சாருமதி சொன்னாள். என்ன விளையாடுகிறாயா, சங்கத்துச் செயலாளர் வரைக்கும் கேட்டுவிட்டார் என்று அவர் தொடங்கினார். அவள் குறுக்கே பேசினாள், பெரியவர்கள் பேசும்போது அவள் குறுக்கே பேசியதே இல்லை.

"பாப்பாவுக்கு நம்ம பொடியத்தான் குடுத்தேன் அண்ணாச்சி. எழுப்ப எழுப்ப எந்திரிக்கல. ஆஸ்பத்திரில இருக்கேன்."

மெஷினை நிறுத்தச் சொல்லி அங்கே யாரையோ அதட்டுவது கேட்டது. மெஷின் நின்றது. "முழிச்சிட்டாளா?" என்றார்.

"முழிச்சிட்டா. பால் குடிக்கா."

எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டார், சொன்னாள். கால் ஸ்பூனா என்று அவர் மெதுவாகத் திரும்பச் சொன்னார், அவர் குரலில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள், இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நகக்கண்ணில் தொட்டு வைப்போம் அம்மா என்றார். அது பாக்கெட்டிலும் இல்லை, நான் எழுதினதிலும் இல்லை அண்ணாச்சி என்றாள் அவள். தேடினால் கடைப் பெயருக்குக் கீழே இனி என்ன எழுதுவேன் என்றும் சொன்னாள், ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டாம், கொடுத்துப் பிள்ளை எழுந்திருக்காவிட்டால் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள் என்று. இதை எழுதினால் எவன் வாங்குவான் என்று அண்ணாச்சி கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஏம்மா," என்றார், "அந்தக் கேள்வி கேட்டால்லா ஒருத்தி, அவ பிள்ள முழிச்சிச்சா?"

"தெரியல அண்ணாச்சி," என்றாள் சாருமதி. "நாம கேக்கவே இல்லயே."